ஏரித் தண்ணீரில் செலினியம்: அசோலாவும் ஆகாயத்தாமரையும் விட்டால் நீங்குமா?

ஆரணியாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் நெல்லும் நிலக்கடலையும் பயிரிட்டு வருகிறேன். எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் வீட்டிலும் கழனியிலும் பேசுவது தமிழ்தான். ஏரிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் மட்டும் தெலுங்கில் எழுதப்படுகிறது. எங்கள் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்த நீர் ஓடைகளின் வழியே ஆரணியாற்றில் சேர்ந்து ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்விடும். ஆகையால் இங்கே தண்ணீர் கெட்டால் அந்தக் கேடு எங்களோடு நின்றுவிடாது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வரத்துக்கால்வாயின் மேற்புறத்தில், கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமூட்டும் பொருள்களைத் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்கூடம் வந்தது. அதற்குப் பிறகு, மழை இல்லாத மாதங்களிலும் கால்வாயில் நீர் சன்னமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் அதைக் கண்டு மகிழ்ந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற கோடையில் மதகடியில் மீன்குஞ்சுகள் அடியோடு குறைந்துவிட்டதைக் கண்டு ஐயம் எழுந்தது. வேதியியல் படிக்கும் என் தங்கை மகன் மூன்று இடங்களில் நீர் எடுத்துச் சென்னையில் உள்ள ஓர் ஆய்வகத்தில் கொடுத்தான். கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் செலினியம் (அளவு மிஞ்சினால் நஞ்சாகும் ஒரு தனிமம்) லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் என்றும், ஏரியின் நடுவில் 0.018 மில்லிகிராம் என்றும், என் ஆழ்துளைக் கிணற்றில் கண்டறியத்தக்க அளவு இல்லை என்றும் முடிவு வந்தது. கால்வாயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் லிட்டர் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறோம்.

நீர்ச்செடிகள் செலினியத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று மருமகன் படித்திருக்கிறான். எங்கள் ஏரியில் ஒரு மூலை முழுவதும் ஏற்கனவே ஆகாயத்தாமரை அடைந்து கிடக்கிறது. மாட்டுத் தீவனத்துக்காக அசோலா என்னும் மிதக்கும் சிறு செடியை வளர்ப்பவர்களும் ஊரில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். எந்தச் செடியை, எவ்வளவு பரப்பில், எத்தனை மாதம் விட்டால் நீர் தெளியும்? எடுத்த செடியை எருவாக மக்கவைக்கலாமா, மாட்டுக்குப் போடலாமா? இரண்டு மாடுகளுக்குக் குளம்பு வெடித்திருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

நீர்ப்பகுப்பாய்வாளர், ஓய்வு (மறுமொழி)

ஐயா, வணக்கம். முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் தண்ணீரோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட வரிசையில் விடை சொல்லாமல் எண்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் மூன்று எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, செலினியத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. தொழிற்சாலைக் கழிவுநீரை உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கு 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் பொது வரம்பு 0.05 மில்லிகிராம். உங்கள் கால்வாய் வாயில் இருப்பது அந்த வரம்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏரி நடுவில் உள்ள 0.018 சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மீன் முதலிய நீர்வாழ் உயிர்களைக் காப்பதற்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016இல் வகுத்த அளவு, ஓடும் நீருக்கு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராமும் தேங்கும் நீருக்கு 1.5 மைக்ரோகிராமும்தான். உங்கள் ஏரியில் உள்ள 0.018 மில்லிகிராம் என்பது 18 மைக்ரோகிராம். தேங்கும் நீருக்கு ஏன் இவ்வளவு கடுமை என்பதைக் கவனியுங்கள்: செலினியம் நீரில் கரைந்து இருப்பதனால் மட்டும் தீங்கு செய்வதில்லை, அது பாசிக்குள் நுழைந்து, பாசியிலிருந்து புழுவுக்கும் நத்தைக்கும், அவற்றிலிருந்து மீனுக்கும் ஏறிக்கொண்டே போய், தாயின் உடலிலிருந்து முட்டைக்குள் இறங்கும்போதுதான் முழுத் தீங்கையும் காட்டுகிறது. நீர் தேங்கும் இடத்தில் இந்த ஏற்றம் நடப்பதற்கு நேரம் கிடைக்கிறது.

இனிச் செடிக்கு வருவோம். செலினியம் கந்தகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த தனிமம். 1817இல் பெர்சிலியஸ் என்ற சுவீடிஷ் வேதியியலாளர் கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசடில்தான் அதைக் கண்டுபிடித்தார். செடியின் வேர் சல்பேட்டை உள்ளிழுக்க வைத்திருக்கும் அதே வாசல் வழியாகச் செலினேட் என்னும் வடிவம் நுழைந்துவிடுகிறது. செலினைட் என்னும் மற்றொரு வடிவம் பெரும்பாலும் பாஸ்பேட்டுக்கான வழியில் நுழைகிறது. நுழைந்த செலினியத்தைச் செடி, கந்தகம் இருக்க வேண்டிய அமினோ அமிலங்களில் சேர்த்துவிடுகிறது. ஒரு சிறு பகுதியை டைமெத்தில் செலினைடு என்ற ஆவியாக்கி இலை வழியே வெளியே விடுகிறது. அந்த ஆவி, கரைந்த செலினேட்டையும் செலினைட்டையும் விட ஐந்நூறு மடங்குக்கும் மேல் நச்சுக் குறைந்தது. செடிகளால் செலினியத்தை நீக்கலாம் என்ற நம்பிக்கையின் வேதியியல் இவ்வளவுதான், இது மெய்யானதும்கூட.

உங்கள் மருமகன் படித்தது தவறில்லை. லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் செலினியம் கலந்த நீரில் மிதக்கும் செடிகளை ஒரு வாரம் வைத்துப் பார்த்த ஒரு சோதனையில், அசோலாவின் உலர் எடையில் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவுக்குச் செலினியம் சேர்ந்தது. சால்வினியாவும், பச்சைத் தவிடு தூவியது போல் மிதக்கும் லெம்னாவும் அதற்கு அடுத்த நிலைகளில் இருந்தன. ஆகாயத்தாமரை எல்லாவற்றுக்கும் பின்னால், அசோலாவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றது. (நாம் ஆகாயத்தாமரை என்று வாய்ப்பழக்கமாகச் சொல்வது ஊதாப் பூப்பூக்கும் வெங்காயத்தாமரையை, உங்கள் பக்கத்துத் தெலுங்கில் குர்ரப்பு டெக்கா, அதாவது குதிரைக்குளம்பு என்பார்கள். நூல்களில் ஆகாயத்தாமரை வேறு செடி. ஆய்வுக் கட்டுரை தேடும்போது மருமகன் இதைக் கவனிக்க வேண்டும்.) ஆனால் அந்தச் சோதனை நீர் உங்கள் கால்வாய் நீரைப் போல் பதினெட்டு மடங்கு செறிவானது. நீர் செறிவு குறையக் குறையச் செடிக்குள் சேர்வதும் குறையும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் லிட்டர், லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் என்றால், உங்கள் ஏரிக்குள் ஒரு நாளைக்கு 7 கிராம் செலினியம் வருகிறது; ஓர் ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ. உங்கள் நீரில் வளரும் செடி, தாராளமாகவே மதிப்பிட்டு, உலர் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் சேர்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் வரும் 7 கிராமை மட்டும் வெளியே எடுப்பதற்கு 70 கிலோ உலர்ந்த செடி வேண்டும். வெங்காயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர் என்பதால், ஈரச் செடியாக 1,400 கிலோ. இதை நாள்தோறும், ஞாயிறும் பொங்கலும் பாராமல், அள்ளிக் கரையேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளாமல் விட்டால் செடி அழுகி, உறிஞ்சியதை எல்லாம் ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

அப்படியானால் செலினியத்தை நீக்கும் சதுப்பு நிலங்கள் வெளிநாட்டில் எப்படி வெற்றி பெற்றன என்று நீங்கள் கேட்பீர்கள். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக் கழிவுநீரை 36 ஹெக்டேர் பரப்புள்ள செயற்கைச் சதுப்பில் விட்டபோது, லிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் வரை இருந்த செலினியம் 5 மைக்ரோகிராமுக்கும் கீழே போனது. உள்ளே வந்ததில் 89 விழுக்காடு நீரிலிருந்து நீங்கியது. அதே மாநிலத்தில் கார்கரன் என்ற ஊரில் 1996இல் சம்பு, கோரை, புல் எனப் பலவகைச் செடிகளைக் கொண்டு பத்துப் பாத்திகள் அமைத்து, வயல் வடிகால் நீரை அவற்றின் வழியே ஓடவிட்டார்கள். சராசரியாக 69 விழுக்காடு செலினியம் நீரிலிருந்து நீங்கியது. நீங்கியது எங்கே போனது என்று தேடிப் பார்த்தபோது, செடிகளின் உடலில் ஐந்து விழுக்காடுகூட இல்லை. பெரும்பகுதி அடிச்சேற்றில் இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். சதுப்பில் நீரைத் தெளிவிப்பதில் உயிருள்ள செடியைவிட அழுகும் செடியின் பங்கே பெரிது. விழுந்த இலையும் தண்டும் மக்கும்போது சேற்றில் பிராணவாயு அற்றுப்போகிறது. அந்த இடத்தில் வாழும் நுண்ணுயிரிகள், மக்கும் கரிமத்தை உண்டு, கரைந்த செலினேட்டைச் செலினைட்டாகவும் அதைக் கரையாத சிவப்புச் செலினியமாகவும் மாற்றிச் சேற்றில் படியவைக்கின்றன. செடி அந்த நுண்ணுயிரிகளுக்குச் சோறு போடுகிறது. வேலையைச் செய்வது அவை. ஆகவே செலினியம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. அது போய்ச் சேரும் இடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் ஏரிக்குள் செடியை விடுவது சரியன்று.

உங்களிடமிருந்து நான்கு விவரங்கள் வேண்டும். கால்வாய் நீரில் இருப்பது செலினேட்டா, செலினைட்டா? சல்பேட் எவ்வளவு, ஏனென்றால் சல்பேட் மிகுந்தால் செலினேட் செடிக்குள் நுழைய இடம் கிடைக்காது. நிறமிக் கூடம் என்கிறீர்கள். சிவப்பு, ஆரஞ்சு நிறமிகளில் காட்மியமும் செலினியமும் சேர்ந்தே வருவதுண்டு, ஆகையால் காட்மியத்தைக் கட்டாயம் சோதியுங்கள். நான்காவதாக, மதகடிச் சேற்றில் ஒரு கையளவு எடுத்துச் செலினியம் பாருங்கள்.

மாட்டுக் குளம்பைப் பற்றி: மிகைச் செலினியத்தால் குளம்பு வெடிப்பதும் வால்மயிர் உதிர்வதும் உண்டு. பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் மண்ணிலேயே செலினியம் மிகுந்த கிராமங்களில் கால்நடைகளிடம் அதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் கோமாரி வந்து போன மாட்டுக்கும், சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்கும் குளம்பு கெடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தில் செலினியம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் முடிவுக்கு வராதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை (மறுமொழி)

அண்ணா, நான் பாலக்காட்டு எல்லையில் எட்டுக் கறவை மாடுகளும் நான்கு அசோலாத் தொட்டிகளும் வைத்திருக்கிறேன். வேதியியல் அறிந்தவள் அல்ல; அசோலாவை அறிந்தவள். அதை மட்டும் சொல்கிறேன்.

அசோலாவை மாட்டுக்குப் போட வேண்டாம், அந்த ஏரியில் வளர்ந்தது ஒரு கைப்பிடிகூட வேண்டாம். என் தொட்டியில் நான் தார்ப்பாய் விரித்து, சலித்த செம்மண்ணும் கரைத்த சாணமும் போட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதற்குக் காரணமே, அந்தச் செடி தண்ணீரில் உள்ளதை எல்லாம் தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்பதுதான். காலையில் சல்லடையில் அள்ளி இரண்டு முறை அலசி, சாண வாடை போன பிறகுதான் தவிட்டோடு கலப்பேன். அலசினால் போவது மேலே ஒட்டியிருப்பது. ஐயா சொல்வது போல் செடியின் புரதத்துக்குள் சேர்ந்துவிட்ட ஒன்று அலசினால் போகாது, பால் வரைக்கும் வரும்.

இன்னொன்று. அசோலா சூடு தாங்காது; பங்குனி, சித்திரையில் நிழல்வலை இல்லாவிட்டால் சிவந்து சுருங்கிவிடும். உங்கள் சத்தியவேட்டு வெயிலில் திறந்த ஏரியில் அது ஐந்து மாதம்கூடப் பச்சையாக நிற்காது என்று நினைக்கிறேன். சால்வினியாவைப் பற்றி ஐயா எழுதியிருந்தார். அதன் உறவான ஆப்பிரிக்கன் பாயலால் எங்கள் மாநிலத்தில் குட்டநாட்டு வயல்களும் கால்வாய்களும் ஒரு காலத்தில் என்ன பாடுபட்டன என்று கேட்டுப் பாருங்கள். படகு நகராமல், நெல் விதைக்க முடியாமல் ஆகி, பிறகு அதைத் தின்னும் ஒரு கூன்வண்டை 1980களில் கொண்டுவந்து விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். ஏரிக்குள் புதிதாக எந்த மிதவைச் செடியையும் உங்கள் கையால் விடாதீர்கள்.

ஆரணியாற்றங்கரை (மறுமொழி)

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. 1,400 கிலோ என்ற கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் ஒரு மாட்டுவண்டி நிறைய வெங்காயத்தாமரை ஏற்றியவர்களுக்கு அந்த எடை எவ்வளவு என்று தெரியும்.

ஐயா ஒரு வரியில் சொன்னது எனக்குப் புதிய கவலையைக் கொடுத்திருக்கிறது. செலினியம் சேற்றில் படியும் என்றால், எங்கள் ஏரி கோடையில் வற்றியதும் நாங்கள் ஆண்டுதோறும் வண்டல் அள்ளிக் கழனியில் பரப்புகிறோமே, அது என்ன ஆகும்? மதகடி வண்டல்தான் கொழுப்பானது என்று அதற்குத்தான் போட்டி. சென்ற ஆண்டு என் கடலைக்காட்டுக்கே இருபது டிராக்டர் அடித்தேன்.

நீர்ப்பகுப்பாய்வாளர், ஓய்வு (மறுமொழி)

ஐயா, அந்த வண்டலைச் சோதித்து முடிவு வரும் வரை ஒரு கூடைகூட எடுக்க வேண்டாம். இதை நான் முதல் மறுமொழியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் இன்னும் ஆழமான ஒன்று அடங்கியிருக்கிறது. நான் குறிப்பிட்ட சதுப்புகளில் சேறு நீருக்கடியில் காற்றுப்படாமல் இருக்கும் வரைதான் செலினியம் அங்கே அடங்கிக் கிடக்கும். நம் ஏரிகளோ ஆனி ஆடியில் காய்ந்து வெடித்து, ஐப்பசியில் நிறைபவை. காய்ந்த சேற்றில் காற்று புகும்போது படிந்த செலினியத்தில் ஒரு பகுதி மீண்டும் கரையும் வடிவத்துக்கு மாறி, முதல் மழையில் நீரோடு எழும். ஆகவே ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் சதுப்பில் நடக்கும் வேலையை, ஆண்டுக்கொரு முறை வற்றும் பாசன ஏரியிடம் எதிர்பார்க்க முடியாது. ஐப்பசி முதல் வெள்ளத்தில் கலங்கல் நீரை எடுத்துச் சோதித்தால் உங்களுக்கே புலப்படும்.

நத்தைகுத்தி (மறுமொழி)

சூளூர்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், பழவேற்காட்டு ஏரியிலும் நேலப்பட்டுச் சரணாலயத்திலும் பல ஆண்டுகளாகப் பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்று வருகிறேன். செடிகளைப் பற்றிப் பேசும் இந்த இடத்தில் பறவைகளைப் பற்றி எழுதுவது விலகல் அன்று என்று ஆரணியாற்றங்கரை அண்ணன் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

செலினியம் என்ற சொல்லை நீர்நிலைகளோடு உலகம் சேர்த்துப் பேசத் தொடங்கியதே பறவைக் குஞ்சுகளால்தான். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில், வயல்களின் அடிவடிகால் நீரைக் கெஸ்டர்சன் என்ற நீர்த்தேக்கத்தின் பன்னிரண்டு குளங்களில் விட்டார்கள். சம்பும் கோரையும் செழித்து, நீர்ப்பறவைகள் கூடு கட்ட வந்தன. பார்ப்பதற்கு அது அழகான பறவைப் புகலிடமாகவே இருந்தது. 1983இல் கூடுகளை ஆராய்ந்தவர்கள், கண் இல்லாத, கால் இல்லாத, அலகு கோணிய குஞ்சுகளைக் கண்டார்கள். முழுமையாகப் பின்தொடர்ந்த 347 கூடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டில் குறைந்தது ஒரு கரு இறந்திருந்தது; ஐந்தில் ஒன்றில் உருக்குலைந்த கருவோ குஞ்சோ இருந்தது. குளங்களுக்கு வந்த நீரில் செலினியம் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. 1986இல் அங்கே வடிகால் நீர் விடுவதை நிறுத்தினார்கள்.

அவ்வளவு செறிவுகூடத் தேவையில்லை என்பதற்கு வட கரோலினாவின் பெலூஸ் ஏரி சான்று. நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் குளத்து நீர் அதில் கலந்தபோது ஏரி நீரில் செலினியம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவில்தான் இருந்தது; இருந்த இருபது மீன் வகைகளில் பத்தொன்பது அற்றுப்போயின. உங்கள் ஏரியில் 18 இருக்கிறது, அண்ணா.

நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் சரணாலயத்துக் குளத்தில் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்துபோய்த் தின்றுவிட்டுத்தான் குஞ்சுக்குக் கொண்டுவருகின்றன. நத்தைகுத்தி உண்பது சேற்றில் ஊரும் நத்தையை. செலினியத்தைப் பிடிப்பதற்காக ஏரி மூலையில் நீங்கள் ஒரு பச்சைச் சதுப்பை உண்டாக்கினால், பறவைக்கு அதைவிட நல்ல அழைப்பு வேறில்லை. செடி அமைப்பு எதுவானாலும் பறவை இறங்க முடியாதபடி அமையுங்கள். திறந்த நீர்ப்பரப்பு இருக்கவே கூடாது.

ஆரணியாற்றங்கரை (மறுமொழி, ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும். முடிவுகள் வந்துவிட்டன. கால்வாய் நீரில் உள்ள செலினியத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் செலினைட் வடிவில் இருக்கிறது. காட்மியமும் இருக்கிறது, அளவு குறைவுதான் என்றாலும் இருக்கிறது. மதகடிச் சேற்றில் செலினியம் கிலோவுக்கு 9 மில்லிகிராம். என் கடலைக்காட்டு மண்ணில் அவ்வளவு இல்லை என்று அறிந்து நிம்மதியானேன், ஆனால் அந்த மூலையை இந்தப் பட்டத்தில் விதைக்கவில்லை.

நாங்கள் ஏழு பேர் தொழிற்கூடத்துக்குப் போய் அறிக்கையைக் காட்டினோம். முதலில் மறுத்தார்கள், இரு மாநில எல்லையைக் காட்டி, கலங்கல் நீர் அந்தப் பக்கம்தானே போகிறது என்றும் ஒருவர் சொன்னார். பிறகு மேலாளர் தனியாக வந்து, செலவு தாங்கக்கூடிய வழி இருந்தால் சொல்லுங்கள் என்றார். அவரும் இதே மண்ணைச் சேர்ந்தவர். ஐயா, அவரிடம் என்ன சொல்வது?

நீர்ப்பகுப்பாய்வாளர், ஓய்வு (மறுமொழி)

ஐயா, செலினைட் என்று வந்தது நல்ல செய்தி. செலினேட்டாக இருந்திருந்தால் அவர்களுக்கு நுண்ணுயிரிக் கலம் போன்ற செலவு மிக்க வழியைத்தான் சொல்லியிருக்க வேண்டும். செலினைட் இரும்பின்மேல் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கழிவுநீரைச் சற்றே அமிலத்தன்மை உள்ளதாக, காரகாடித்தன்மை எண் (pH) 6க்கு அருகில், வைத்துக்கொண்டு பெர்ரிக் குளோரைடு சேர்த்துக் கலக்கினால், துருநிறத்தில் கூழாகத் திரளும் இரும்பு ஹைட்ராக்சைடு செலினைட்டைத் தன்னோடு இழுத்துக்கொண்டு படியும். சாயப்பட்டறைகளில் கழிவுநீரைத் தெளியவைக்கும் தொட்டியும் கலக்கியும் இதற்குப் போதும். காட்மியம் இந்த நிலையில் அவ்வளவாகப் படியாது. அதற்கு இரண்டாம் தொட்டியில் சுண்ணாம்பிட்டுக் காரத்தன்மையை உயர்த்த வேண்டும். முதல் தொட்டியின் கசடு நீரில் இருக்கும்போதே சுண்ணாம்பு இட்டுவிட்டால் இரும்பில் ஒட்டிய செலினைட் மீண்டும் கழன்றுவிடும். ஆகவே முதல் தொட்டியின் கசடை முழுவதும் பிரித்தெடுத்த பிறகே சுண்ணாம்பு சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு கசடும் அபாயகரமான கழிவு. உரிமம் பெற்ற பாதுகாப்பு நிலநிரப்பிடத்துக்குத்தான் போக வேண்டும், பள்ளத்தில் கொட்டக் கூடாது.

இதைச் செய்த பிறகு மிஞ்சும் சிறு அளவைப் பிடிப்பதற்குத்தான் செடி. ஏரிக்குள் அன்று, தொழிற்கூடத்தின் வளாகத்துக்குள்ளேயே. தரையில் கெட்டியான பாலித்தீன் தாள் விரித்து, அதன்மேல் சரளையும் மண்ணும் பரப்பி, சம்பு நெருக்கமாக நட்ட பாத்தி ஒன்றை அமைக்கட்டும். உங்கள் பக்கம் ஜம்மு என்று சொல்வது அதுதான். ஓடைக்கரையில் வேரோடு கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை. நீர் சரளைக்குள்ளேயே ஓட வேண்டும், மேலே கண்ணாடி போல் நிற்கக் கூடாது. சூளூர்ப்பேட்டைத் தம்பி சொன்ன பறவைக் கவலைக்கு அதுவே விடை. பாத்தி ஒருநாளும் காயக் கூடாது, கூடம் விடுமுறையில் மூடியிருக்கும் நாட்களிலும்கூட. ஆண்டுதோறும் சம்பை அறுத்தால் அந்தத் தழை மாட்டுக்கும் கூரைக்கும் எருவுக்கும் போகாமல் கசடோடு போகட்டும். வெளியேறும் நீரை மாதம் ஒரு முறை சோதித்து அறிக்கையை உங்கள் சங்கத்துக்கு ஒரு படி தர வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எல்லையைக் காட்டி அவர் சொன்னதற்கும் ஒரு விடை உண்டு. கூடம் ஆந்திரத்தில் இருப்பதால் மனு அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெலுங்கில் போகட்டும். ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் தனியே ஒரு மனு கொடுக்கட்டும். சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இரண்டு மாநிலமும் உட்பட்டவைதான்.

ஏற்கனவே ஏரிக்குள் வந்து சேர்ந்ததைப் பற்றி: வரத்து நின்றால், இரண்டு மூன்று பருவமழை நிறைந்து வழிவதில் நீரின் அளவு குறையும். மதகடிச் சேறு மட்டும் கவலை. ஏரி முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. கால்வாய் வாயிலிருந்து மதகு வரை பத்து இடங்களில் சேறு எடுத்துச் சோதித்து, செறிந்த திட்டை அடையாளம் கண்டு, அதை மட்டும் அகற்றும் செலவைக் கூடத்தின்மேல் வைக்கலாம். அதுவரை அந்த இடத்தில் மீன்பிடி குத்தகை விடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை (மறுமொழி)

அண்ணா, மாடுகளின் இரத்தச் சோதனை என்ன ஆனது? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

ஆரணியாற்றங்கரை (மறுமொழி)

ஒரு மாட்டுக்கு இயல்பான அளவுதான். அதற்குக் கோமாரியின் பின்விளைவு என்று மருத்துவர் சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார். மற்றொன்றுக்கு அளவு கூடுதலாக இருக்கிறது. அது ஏரிக்குள் இறங்கி வெங்காயத்தாமரை மேயும் பழக்கம் உள்ள மாடு. இப்போது கட்டுத்தறியில் வைத்து வைக்கோலும் கிணற்றுத் தண்ணீரும் கொடுக்கிறோம். புதிய குளம்பு மேலே மயிரோரத்திலிருந்து வெடிப்பில்லாமல் வளரத் தொடங்கியிருக்கிறது, விரல்நகம் அகலத்துக்கு வந்துவிட்டது.

மேலாளரிடம் இரண்டு தொட்டிகளின் வரைபடத்தை மருமகன் வரைந்து கொடுத்தான். அடுத்த மாதம் வேலை தொடங்குவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனுவைத் தெலுங்கில் எழுதிப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டோம். வண்டல் விஷயத்தில்தான் ஊரில் மனத்தாங்கல். இந்த ஆண்டு மதகடியைச் சுற்றி நாற்பது கெஜத்துக்கு முள்வேலி போட்டுவிட்டு, கிழக்குக் கரை ஓரத்து வண்டலைச் சோதித்த பிறகு அங்கே மட்டும் அள்ளலாம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. அந்த மாதிரிகளை வரும் திங்களன்று எடுக்கிறோம். அதுவரை டிராக்டர்காரர்கள் இருவரும் பொறுத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.